விதியை மாற்றும் அரசு, மறுக்கும் வாக்காளர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலைவாசி ஏறினால் மறுநாளே எல்லாருக்கும் தெரிந்துவிடும். தேர்தல் முறையிலோ பதவிக்காலத்திலோ நீதிபதி நியமனத்திலோ அரசு கை வைத்தால், அது நம்மைத் தொடும்போது பல வருஷம் ஓடியிருக்கும். அப்படிப்பட்ட மாற்றம் வரும்போது வாக்காளர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, பல நாடுகளில் நடந்ததை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

"அரசியல் சீர்திருத்தம்" என்று எதைச் சொல்கிறீர்கள்?

அதிகாரம் யாருக்குக் கிடைக்கும், எவ்வளவு காலம் இருக்கும், அதை யார் தட்டிக் கேட்கலாம் என்ற மூன்றில் எதை மாற்றினாலும் அது அரசியல் சீர்திருத்தம். வரி, மானியம், ஓய்வூதியம் இதில் சேராது. அவற்றை இந்த அரசு கெடுத்தால் அடுத்த அரசு சரிசெய்யலாம். அடுத்த அரசு எப்படி வரும் என்பதிலேயே கை வைத்தால் கதை வேறு.

"சீர்திருத்தம்" என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கெட்டதை யாரும் அந்தப் பெயரில் கொண்டுவருவதில்லை, நல்லதையும் வேறு பெயரில் கொண்டுவருவதில்லை. எனவே பெயரை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

பெரும்பான்மை கொடுத்து உட்கார வைத்தது நாம்தானே? அப்புறம் அரசு செய்வதை எதிர்ப்பது முறையா?

முறைதான். ஐந்து வருஷம் ஆளச் சொல்லி ஓட்டுப் போட்டவர், அந்த ஐந்தை ஆறாக்கிக்கொள்ளச் சொல்லவில்லை.

இது கற்பனை உதாரணம் இல்லை. 1971-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்திய மக்களவை, நெருக்கடி நிலைக் காலத்தில் தன் ஆயுளைத் தானே நீட்டிக்கொண்டது. 1976-இல் வந்த 42-வது திருத்தம் மக்களவையின் பதவிக்காலத்தை ஐந்திலிருந்து ஆறு ஆண்டாக்கியது. நீதிமன்றங்களின் அதிகாரத்தையும் குறைத்தது. எல்லாம் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு, சட்டப்படிதான் நடந்தது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் அப்போது சிறையில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1977 மார்ச்சில் தேர்தல் வந்ததும் 352 இடங்களோடு இருந்த காங்கிரஸ் 154-க்கு இறங்கியது. ரேபரேலியில் பிரதமர் இந்திரா காந்தியே ராஜ் நாராயணிடம் சுமார் 55,000 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார்.

பெரும்பான்மை என்பது ஆளக் கிடைத்த அனுமதி. அதை வைத்துக்கொண்டு அனுமதி தரும் முறையையே மாற்றப் போனால், மறுபடியும் வந்து கேட்க வேண்டும் என்பதுதான் நியாயம்.

நல்ல மாற்றத்தைக்கூட மக்கள் ஏன் நிராகரிக்கிறார்கள்?

இத்தாலியைப் பாருங்கள். 2016 டிசம்பர் 4-ஆம் தேதி பிரதமர் மத்தேயோ ரென்ஸி கொண்டுவந்த அரசமைப்பு மாற்றத்தின் மீது பொது வாக்கெடுப்பு நடந்தது. மேலவை 315 உறுப்பினர்களிலிருந்து 100 ஆகச் சுருங்கும், அதன் அதிகாரமும் குறையும். அரசியல்வாதிகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறேன் என்றால் எந்த நாட்டில் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் 59 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

வாக்குச்சீட்டில் இருந்த கேள்வியைப் படித்தால் காரணம் கொஞ்சம் பிடிபடும். இரு அவைகளுக்கும் சம அதிகாரம் என்ற நிலையை மாற்றுவது, நாடாளுமன்ற உறுப்பினர் எண்ணிக்கையைக் குறைப்பது, அமைப்புகளின் செலவைக் கட்டுப்படுத்துவது, பொருளாதாரம் மற்றும் தொழிலாளர் விவகாரங்களுக்கான தேசியக் குழுவைக் கலைப்பது, மாநில அதிகாரங்கள் பற்றிய அத்தியாயத்தைத் திருத்துவது. இவ்வளவும் ஒரே வாக்கியம். இவ்வளவுக்கும் ஒரே "ஆம்" அல்லது ஒரே "இல்லை". செலவைக் குறைப்பது பிடித்தவர், மாநில அதிகாரம் மையத்துக்குப் போவது பிடிக்காதவராக இருந்தால் எந்தக் கட்டத்தில் குறி போடுவார்? போதாக்குறைக்கு, தோற்றால் பதவி விலகுவேன் என்று ரென்ஸி முன்பே சொல்லிவிட்டார். அதனால் சீர்திருத்தம் பிடித்தாலும் ரென்ஸியைப் பிடிக்காதவர்களுக்குக்கூட "இல்லை" என்று போட ஒரு காரணம் கிடைத்தது.

நான்கு வருஷம் கழித்து, 2020 செப்டம்பரில், அதே நாட்டில் ஒரே ஒரு விஷயத்தைத் தனியாக எடுத்துக் கேட்டார்கள்: இரு அவைகளையும் சேர்த்து 945 உறுப்பினர்களை 600 ஆக்கலாமா? கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் சரி என்றார்கள்.

மூட்டையாகக் கட்டிக் கொடுத்ததை மறுத்தவர்கள், அதிலிருந்த ஒரு பொருளைத் தனியாகக் காட்டியபோது வாங்கிக்கொண்டார்கள். "மக்களுக்கு மாற்றமே பிடிக்காது" என்று தோற்ற அரசுகள் சொல்வதை அதனால்தான் நான் நம்புவதில்லை. பல நேரம் மாற்றத்தைவிட, அதைக் கொண்டுவரும் தினுசுதான் ஜனங்களை உறுத்துகிறது.

வாக்காளர் கையில் உண்மையில் என்ன வழி இருக்கிறது?

நாட்டுக்கு நாடு வேறு. நான் முதலில் பார்ப்பது, இந்த மாற்றம் சட்டமாவதற்குக் கடைசியாக யார் கையெழுத்தோ வாக்கோ தேவை என்பதைத்தான். கூட்டம் எவ்வளவு சேர்ந்தது என்பதைவிட, சரியான கதவைத் தட்டினார்களா என்பதே பல இடங்களில் முடிவை நிர்ணயித்திருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் வெளியாகி 100 நாளுக்குள் 50,000 கையெழுத்துச் சேர்ந்தால் அது மக்கள் வாக்குக்குப் போயாக வேண்டும். அரசமைப்பில் கை வைத்தால் கையெழுத்தே தேவையில்லை, வாக்கெடுப்பு கட்டாயம். இத்தாலியில் 5 லட்சம் கையெழுத்தோடு, ஏற்கெனவே அமலில் உள்ள சட்டத்தை நீக்கக் கோரலாம். அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் மக்கள் வாக்கு இல்லாமல் அரசமைப்பைத் திருத்தவே முடியாது.

இந்தியாவில் இந்த வழி கிடையாது. திருத்தத்துக்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை, சில வகைத் திருத்தங்களுக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல், அவ்வளவுதான். எனவே இங்கே வாக்காளருக்குத் திறந்திருப்பவை மூன்று: அடுத்த தேர்தல், நீதிமன்றம், மாநிலச் சட்டமன்றத்தின் மீதான அழுத்தம். மூன்றாவதை நாம் குறைவாகவே பயன்படுத்துகிறோம் என்பது என் எண்ணம்.

தலைவரைப் பிடிக்கும், அவர் கொண்டுவரும் மாற்றம் பிடிக்கவில்லை. எதிர்த்தால் அவரைக் கவிழ்த்தது போல ஆகிவிடாதா?

1959 ஜூன் 17 அன்று அயர்லாந்து வாக்காளர்களிடம் ஒரே நாளில் இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று, குடியரசுத் தலைவராக எமோன் டி வலேரா வரலாமா? இன்னொன்று, அவருடைய கட்சி சொல்கிறபடி, வாங்கிய வாக்கின் அளவுக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறையை நீக்கிவிட்டு, அதிக வாக்கு வாங்கியவரே வென்றவர் என்ற முறைக்கு மாறலாமா? மாறியிருந்தால் அந்தக் கட்சிக்குக் கொள்ளை லாபம்.

மக்கள் டி வலேராவை 56 சதவீத வாக்கோடு குடியரசுத் தலைவராக்கினார்கள். அவர் கட்சியின் மாற்றத்தை அதே நாளில், கிட்டத்தட்ட 52 சதவீத வாக்கோடு நிராகரித்தார்கள். ஆளுக்கு மாலை போட்ட கையாலேயே திட்டத்தைத் திருப்பி அனுப்பினார்கள். 1968-இல் அதே கட்சி அதே மாற்றத்தை மறுபடி கொண்டுவந்தது. இந்த முறை எதிர்ப்பு 60 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் அடுத்த வருஷம் நடந்த பொதுத்தேர்தலில் ஜெயித்தது அதே கட்சிதான்.

எனவே இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியும். தலைவர்கள்தான் பல நேரம் பிரிக்க விடமாட்டார்கள். பிரான்ஸில் 1969 ஏப்ரல் 27 அன்று செனட்டையும் வட்டார நிர்வாகத்தையும் மாற்றும் திட்டத்தை வாக்கெடுப்புக்கு விட்ட குடியரசுத் தலைவர் டி கோல், தோற்றால் போய்விடுவேன் என்றார். 52 சதவீதம் பேர் வேண்டாம் என்றதும், நள்ளிரவு தாண்டி இரண்டே வாக்கியத்தில் ஓர் அறிக்கை கொடுத்துவிட்டு, மறுநாள் நண்பகலோடு பதவியை விட்டார். சொன்னபடி போனது பெரிய மனுஷத்தனம்தான். ஆனால் "நான் வேண்டுமென்றால் இந்தத் திட்டத்துக்கும் சரி சொல்லுங்கள்" என்று கேட்பது வாக்காளரின் கழுத்தில் துண்டைப் போடுகிற வேலை.

வாக்குச்சீட்டில் கேள்வி எப்படி இருக்கிறது என்பது அவ்வளவு முக்கியமா?

ரொம்ப முக்கியம். இலங்கையில் 1982 டிசம்பர் 22 அன்று நடந்த சர்வஜன வாக்கெடுப்பில் "ஆம்" என்பதற்குச் சின்னம் விளக்கு. "இல்லை" என்பதற்குக் குடம். இருட்டில் நிற்பவனிடம் விளக்கா குடமா என்றால் கை எங்கே போகும்?

கேட்கப்பட்டது என்ன? 1977-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம், தேர்தலே இல்லாமல் இன்னும் ஆறு ஆண்டு தொடரலாமா என்பது. ஆளும் ஐக்கிய தேசியக் கட்சிக்கு அதில் ஆறில் ஐந்து பங்கு இடம் இருந்தது. தேர்தல் வைத்தால் அந்தப் பலம் குறையும் என்பது ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவுக்குத் தெரியாததல்ல. நாடு அவசரகாலச் சட்டத்தின் கீழ் இருந்தபோது வாக்கெடுப்பு நடந்தது. விளக்குக்கு 54.7 சதவீதம் கிடைத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 90 சதவீதத்துக்கு மேல் குடத்துக்கு. அடுத்த பொதுத்தேர்தல் 1989-இல்தான் வந்தது.

சின்னத்தால்தான் முடிவு மாறியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கென்யாவில் 2005-இல் புதிய அரசமைப்புக்கு ஆதரவாக வாழைப்பழம், எதிர்ப்பாக ஆரஞ்சு என்று இரண்டு பழங்களைக் கொடுத்தார்கள். ஆரஞ்சு சுமார் 58 சதவீதத்தோடு ஜெயித்தது. இரண்டு நாளில் ஜனாதிபதி கிபாக்கி தன் அமைச்சரவையையே கலைத்தார். ஆரஞ்சு அப்படியே ஒரு கட்சியின் பெயராகி, அந்தக் கட்சி இன்றும் இருக்கிறது.

கேள்வியைப் படிக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். "ஆம்" என்றால் உள்ளது தொடருமா, மாறுமா? ஒன்றுக்கு மேற்பட்ட மாற்றங்கள் ஒரே கேள்விக்குள் இருக்கின்றனவா?

வாக்களிக்கப் போகாமல் இருந்தால் அதுவே எதிர்ப்புதானே?

எந்த நாடு என்பதைப் பொறுத்தது. குறைந்தபட்ச வாக்குப்பதிவு விதி உள்ள இடத்தில் அது வேலை செய்யும். ஹங்கேரியில் 2016 அக்டோபரில் அகதிகள் ஒதுக்கீடு பற்றி அரசு நடத்திய வாக்கெடுப்பில் செல்லுபடியான வாக்குகளில் 98 சதவீதம் அரசு கேட்டபடியே விழுந்தன. ஆனால் செல்லுபடியான வாக்கு பாதியைத் தொடாததால் எல்லாம் வீண். இத்தாலியில் சட்டத்தை நீக்கும் வாக்கெடுப்புகளுக்கும் 50 சதவீத விதி உண்டு. அங்கே 2022-இல் நீதித்துறை பற்றி நடந்த வாக்கெடுப்புகளுக்கு 21 சதவீதம் பேர்தான் வந்தார்கள். தேர்தல் முறையை மாற்றலாமா என்று போலந்து 2015-இல் கேட்டபோது வந்தவர்கள் 8 சதவீதம்கூட இல்லை.

அந்த விதி இல்லாத இடத்தில் வீட்டில் உட்கார்ந்திருந்தால், அது எதிர்ப்பு என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. இத்தாலியிலேயே அரசமைப்பு மாற்றத்துக்கான வாக்கெடுப்புக்குக் குறைந்தபட்ச விதி கிடையாது, எத்தனை பேர் வந்தாலும் செல்லும். ஒரே நாட்டில் இரண்டு விதி! போகாமல் இருப்பதற்கு முன் இதை விசாரித்துவிடுங்கள்.

அரசு வேண்டுமென்றே கூட்டம் வராத தேதியாகப் பார்த்து வைத்தால்?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 2023-இல் அப்படித்தான் நடந்தது. மாநில அரசமைப்பைத் திருத்த மக்கள் வாக்கில் பாதிக்கு மேல் போதும் என்பதை 60 சதவீதமாக உயர்த்த சட்டமன்றம் விரும்பியது. வாக்கெடுப்பை ஆகஸ்ட் 8-ஆம் தேதிக்கு வைத்தது. ஆகஸ்ட் தேர்தலுக்கு யாரும் வருவதில்லை என்று சொல்லிச் சில மாதங்களுக்கு முன்புதான் அவற்றில் பெரும்பாலானவற்றை ஒழித்திருந்தது இதே சட்டமன்றம்! இனிமேல் 60 வேண்டும் என்ற இந்த மாற்றம் மட்டும் பாதிக்கு மேல் வாங்கினாலே போதும் என்பது இன்னொரு வேடிக்கை. கூட்டம் வந்தது. சுமார் 57 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

தெருவில் இறங்கினால் பலன் உண்டா?

நேரத்தை வாங்கித் தரும். இஸ்ரேலில் 2023 ஜனவரியில் நீதித்துறை மாற்றத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் வாராவாரம் பேரணி நடந்தது. மார்ச் 26 அன்று, திட்டத்தை நிறுத்தச் சொன்ன பாதுகாப்பு அமைச்சரைப் பிரதமர் நெதன்யாகு நீக்கியதாக அறிவித்தார். அன்று இரவே நெடுஞ்சாலைகள் நிரம்பின. மறுநாள் வேலைநிறுத்தத்தால் விமானப் புறப்பாடுகள் நின்றன, அன்று மாலையே திட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

தள்ளிவைத்தார்கள், கைவிடவில்லை. ஜூலையில் அதில் ஒரு துண்டை மட்டும் எடுத்து, எதிர்க்கட்சிகள் வாக்களிக்காமல் வெளியேற, 64-0 என்று நிறைவேற்றினார்கள். 2024 ஜனவரி 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை 8-7 என்ற கணக்கில் செல்லாது என்றது. 2025 மார்ச்சில் நீதிபதி தேர்வுக் குழுவை மாற்றும் இன்னொரு துண்டு நிறைவேறியது. மொத்தமாக வந்தபோது தெருவே அடைத்தது. துண்டு துண்டாக வரும்போது அவ்வளவு பேரைத் திரும்பத் திரும்ப வரவழைப்பது கஷ்டம்.

ஒருமுறை நிராகரித்துவிட்டோம். அத்தோடு முடிந்ததா?

முடியாது, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2000 பிப்ரவரியில் ஜிம்பாப்வே மக்கள் ஜனாதிபதி முகாபேயின் புதிய அரசமைப்பை நிராகரித்தார்கள். இழப்பீடு இல்லாமல் நிலம் எடுக்கும் பிரிவு அதில் இருந்தது. ஏப்ரலிலேயே அந்தப் பிரிவைத் தனித் திருத்தமாக நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது. முகாபே 2017 வரை பதவியில் இருந்தார்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அரசமைப்பு ஒப்பந்தத்தை 2005-இல் பிரான்ஸும் நெதர்லாந்தும் மறுத்தன. அதன் பெரும்பகுதி 2007-இல் லிஸ்பன் ஒப்பந்தமாக வந்தது. அந்த இரண்டு நாடுகளிலும் இந்த முறை மக்களைக் கேட்கவில்லை. அயர்லாந்தில் கேட்டார்கள். 2008-இல் இல்லை என்றார்கள், சில உறுதிமொழிகள் வாங்கியபின் 2009-இல் ஆம் என்றார்கள். நெதர்லாந்து இன்னும் ஒரு படி மேலே போனது: 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனோடு செய்த ஒப்பந்தம் பற்றிய ஆலோசனை வாக்கெடுப்பில் அரசு தோற்றது, 2018-இல் அந்த வாக்கெடுப்புச் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள்.

நிறைவேறிய மாற்றத்தைத் திரும்பப் பெற வைக்க முடியுமா?

முடியும், ஆனால் முழுசாகக் கிடைக்காது. 1977-இல் ஜெயித்த ஜனதா அரசு 43, 44-வது திருத்தங்களின் மூலம் நீதிமன்ற அதிகாரத்தை மீட்டது, மக்களவையின் ஆயுளை மறுபடி ஐந்தாக்கியது. "உள்நாட்டுக் குழப்பம்" என்று காரணம் காட்டி நெருக்கடி நிலை அறிவிக்க முடிந்ததை மாற்றி, "ஆயுதக் கிளர்ச்சி" என்று இறுக்கியது. ஆனால் அதே 42-வது திருத்தத்தில் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்குப் போன கல்வி இன்றுவரை திரும்பவில்லை. ஜனதா அரசு மூன்று வருஷம்கூட நிலைக்கவில்லை. 1980-இல் இந்திரா காந்தி திரும்பி வந்தார். 44-வது திருத்தம் மட்டும் அப்படியே நின்றது. 1977 வாக்காளர்களுக்கு மிஞ்சிய உண்மையான சொத்து, என்னைக் கேட்டால், அதுதான்.

இலங்கையில் ஊசலாட்டம். 2010-இல் 18-வது திருத்தம் ஜனாதிபதிக்கு இரண்டு தவணை வரம்பை நீக்கியது. 2015 ஜனவரியில் மூன்றாவது தவணைக்கு நின்ற மகிந்த ராஜபக்ச தோற்றார், 19-வது திருத்தம் வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. 2020-இல் 20-வது திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரத்தை மறுபடி கூட்டியது. பொருளாதாரம் சரிந்து மக்கள் தெருவுக்கு வந்தபின், 2022-இல் 21-வது திருத்தம் அதை மறுபடி குறைத்தது. போலந்திலோ 2023 அக்டோபரில் 74 சதவீதம் பேர் வாக்களித்து ஆட்சியை மாற்றியும், பழைய அரசின் பக்கம் இருந்த ஜனாதிபதியின் கையில் தடுப்பு அதிகாரம் இருந்ததால் நீதித்துறை மாற்றங்களை அவிழ்ப்பது இழுத்துக்கொண்டே போனது.

எதிர்க்கட்சி "நாங்கள் வந்தால் மாற்றுவோம்" என்கிறது. நம்பலாமா?

எழுதி வாங்குங்கள், தேதியோடு. இலங்கையில் நிறைவேற்று ஜனாதிபதி முறையை, அதாவது ஆட்சி அதிகாரம் ஜனாதிபதி கையில் குவிந்திருக்கும் முறையை, ஒழிப்பேன் என்று 1994-இல் சந்திரிகா குமாரதுங்க சொல்லி ஜெயித்தார். பின்னால் வந்தவர்களும் சொன்னார்கள். நாற்காலி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது ஆபத்தாகத் தெரிந்த அதிகாரம், கைக்கு வந்ததும் வசதியாகிவிடுகிறது.

எதிர்க்கும் வாக்காளர் எப்போதும் சரியாகத்தான் இருப்பாரா?

இல்லை. 1959 பிப்ரவரியில் பெண்களுக்கு வாக்குரிமை தரும் திருத்தத்தைச் சுவிட்சர்லாந்தில் 67 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டும். 1971-இல்தான் சரி என்றார்கள். வாக்குச்சாவடிக்கு வெளியே நிற்பவருக்கு ஒன்றைத் தர மறுப்பதும், உள்ளே இருப்பவரிடமிருந்து ஒன்றைப் பிடுங்க விடாமல் தடுப்பதும் ஒரே "இல்லை"யில்தான் எழுதப்படுகின்றன. எது எது என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

தனி ஆளாக நான் எங்கே ஆரம்பிப்பது?

மசோதாவின் மூல வாசகத்தை எடுங்கள், செய்திச் சுருக்கம் போதாது. ஒரு தாளை நடுவில் மடித்து இடப்பக்கம் பழைய பிரிவு, வலப்பக்கம் புதியது என்று எழுதுங்கள். திருத்த மசோதா எப்போதும் "இன்ன சொல்லுக்குப் பதிலாக இன்ன சொல்" என்ற பாணியில் இருக்கும், தனியாகப் படித்தால் ஒன்றும் புரியாது. பழையதோடு சேர்த்து வைத்தால்தான் "செய்ய வேண்டும்" என்பது "செய்யலாம்" ஆகியிருப்பது கண்ணில் படும். அமலுக்கு வரும் தேதி தற்போதைய ஆட்சிக்காலத்துக்குள்ளா, அதற்குப் பிறகா என்று பாருங்கள்.

மசோதா தெரிவுக்குழுவுக்கோ கூட்டுக்குழுவுக்கோ போயிருந்தால் கருத்துக் கேட்டு அறிவிப்பு வரும், கெடு பெரும்பாலும் சில வாரம்தான். அந்த மடித்த தாளில் இருப்பதையே, ஒரு பிரிவுக்கு ஒரு பத்தி என்று எழுதி அனுப்புங்கள். "ஜனநாயகம் செத்தது" என்று தொடங்கும் ஆயிரம் கடிதங்களை ஒரே வரியில் கணக்கெடுத்துவிடலாம். "பிரிவு 4-இல் இந்தச் சொல் ஏன் மாறியது" என்று கேட்டால் யாராவது பதில் எழுதியாக வேண்டும். ஒரு பிரதியை உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் அனுப்பி, நீங்கள் எப்படி வாக்களிக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.